நேற்று இயன்றது இன்று இயலாமற் போவது ஏன்?

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

குடும்ப நலம் தொடர்பாக ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டுக் கொண்டனர். நம்மிடையே வாழ்ந்தும் நம்மால் சரியாக அறிந்து கொள்ளப்படாதவர்களைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று எண்ணினேன். ஆட்டிசம் உடையவர்களின் அன்றாடச் செயல்திறன் ஒரு நாள் உயர்ந்தும் மறுநாள் தாழ்ந்தும் காணப்படுவது ஏன் என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஆட்டிசம் உடைய பிள்ளை இருக்கும் வீடுகளில் ஓயாமல் ஒலிக்கும் வினா ஒன்று உண்டு. "நேற்று நீயேதானே சட்டைப் பொத்தானைப் போட்டுக் கொண்டாய்? இன்று மட்டும் ஏன் முடியவில்லை?" என்பதே அவ்வினா. பெற்றோர் கேட்கின்றனர், பள்ளியில் ஆசிரியர் கேட்கின்றார், விருந்துக்கு வந்த உறவினரும் கேட்கின்றனர். வினாவை எழுப்பியவர்களே விடையையும் சொல்லி விடுகின்றனர். பிள்ளைக்குப் பிடிவாதம் என்பார் சிலர். தாய் கொடுத்த செல்லம் என்பார் வேறு சிலர். யாரோ கண் வைத்து விட்டார்கள் என்பாரும் உளர். இம்மூன்று விடைகளாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் விளைவதில்லை. உண்மையான விடை வேறு இடத்தில் இருக்கிறது.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடைய, பிறவியிலேயே அமைந்து வாழ்நாள் முழுவதும் தொடர்கின்ற ஒரு நிலை. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். ஆயினும் அப்பெயரைக் கேட்டு, மதி குன்றியவர்கள் என்று யாரும் முடிவு கட்டி விடுதல் கூடாது. ஆட்டிசம் உடையவர்களுள் கல்வியில் சிறந்தோரும் உண்டு; ஒரு சொல்லும் பேச இயலாதோரும் உண்டு; பேச இயலாவிடினும் எழுத்தின் வழியே தம் எண்ணத்தைத் தெளிவாக உணர்த்துவோரும் உண்டு.

அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் குழந்தை மனநல மருத்துவர், 1943-ஆம் ஆண்டில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட தொடக்கமாகும். அதன்பின் பல்லாண்டுகள், தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்னும் கொடிய கருத்து மேலை நாடுகளில் பரவியிருந்தது. அறிவியல் அக்கருத்தை முற்றாகத் தள்ளி விட்டது. ஆகவே, இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுள் எவரேனும் "என் வளர்ப்பில்தான் ஏதோ குறை" என்று உள்ளத்தில் சுமந்து கொண்டிருந்தால், அந்தச் சுமையை இன்றே இறக்கி வைத்து விடலாம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, முன்பு பல பெயர்களில் வழங்கி வந்தவற்றை ஒன்றாக்கி, தேவைப்படும் உதவியின் அளவைக் கொண்டு மூன்று படிநிலைகளை வகுத்தது. மருத்துவர் எழுதித் தரும் அறிக்கையில் முதலாம் நிலை, இரண்டாம் நிலை என்று காண்பதும் இதனால்தான். ஆனால், இந்நிலையின் கடுமை சூழலுக்கேற்ப மாறக்கூடும் என்றும், காலத்திற்குக் காலம் ஏறி இறங்கக்கூடும் என்றும் அதே கையேடு தெளிவாகக் குறிப்பிடுகிறது. அறிக்கையிலுள்ள எண்ணை நாம் நினைவில் வைத்துக் கொள்கிறோம். இந்தக் குறிப்பை மறந்து விடுகிறோம். பரிசோதனை நடந்த அன்று பிள்ளை எவ்வாறு இருந்தானோ, அவ்வாறே எந்நாளும் இருப்பான் என்று எண்ணிக் கொள்கிறோம். அங்கேதான் துன்பம் தொடங்குகிறது.

ஏற்ற இறக்கத்தின் காரணங்கள்

நம் நாட்டில் தண்ணீர்த் தடை என்பது நாம் அனைவரும் அறிந்த ஒன்று. கூரையின் மேலிருக்கும் தொட்டியில் நீர் நிறைந்திருந்தால் குழாயைத் திறந்தவுடன் நீர் கொட்டுகிறது. தடை நேர்ந்து தொட்டி வற்றி விட்டால், எத்துணை முறை திருகினாலும் காற்றுதான் வரும். அப்பொழுது குழாய் பிடிவாதம் பிடிக்கிறது என்று நாம் சொல்வதில்லை. குழாய் பழுதில்லாமல் இருக்கிறது. தொட்டியில் நீர் இல்லை. ஆட்டிசம் உடையவரின் நாள்களும் இத்தன்மையவே. கற்ற திறன் அவரை விட்டுப் போய்விடவில்லை. அத்திறனை இயக்குவதற்கான ஆற்றல் அந்த நேரத்தில் எஞ்சியிருக்கவில்லை. லூப்பஸ் என்னும் நோயுடன் வாழ்ந்த கிறிஸ்டின் மிசராண்டினோ என்னும் அமெரிக்கப் பெண்மணி, 2003-ஆம் ஆண்டில் தம் அன்றாட ஆற்றலைக் கையிலுள்ள கரண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு எழுதினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கரண்டியைக் கொடுத்து விட வேண்டும். கரண்டி தீர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. இன்று ஆட்டிசம் உடையோர் பலரும் தம் நிலையை விளக்குவதற்கு அந்த ஒப்புமையையே கையாளுகின்றனர்.

தொட்டி ஏன் இத்துணை விரைவாக வற்றுகிறது?

முதலாவது, புலன்களின் சுமை. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசை, ஒளி, மணம், தொடுகை ஆகியவை ஆட்டிசம் உடைய பலருக்குப் பன்மடங்கு கடுமையாகத் தாக்குகின்றன. சிலருக்கு இதற்கு மாறாக, புலனுணர்வு மழுங்கியும் இருக்கும். மின்விசிறியின் இரைச்சல், சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் துணித்துண்டு, பேரங்காடியின் விளக்குகள் என ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக ஆற்றலைக் குடித்துக் கொண்டே இருக்கின்றன. காலையில் மழையும் இடியுமாக இருந்த நாளில், மாலையில் உணவு உண்ண மறுப்பதற்கும் அந்த இடிக்கும் தொடர்பு இருக்கக்கூடும். காரணம் காலையிலும் விளைவு மாலையிலும் இருப்பதால் நமக்குத் தொடர்பு தெரிவதில்லை.

இரண்டாவது, மாற்றம். நாள்தோறும் செல்லும் வழியில் சாலைப் பணி நடந்து வேறு வழியாக வாகனம் திரும்பினால் நாம் சலித்துக் கொண்டு மறந்து விடுவோம். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்னரே அறிந்திருப்பதில் நிம்மதி காணும் ஒருவருக்கு, அந்த ஒரு திருப்பமே அன்றைய ஆற்றலில் பாதியைக் கொண்டு போய்விடும்.

மூன்றாவது, உடல்நிலை. உறக்கக் குறைவு ஆட்டிசம் உடைய பிள்ளைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. இதனோடு மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாள்கள் ஆகியவையும் சேர்ந்து கொள்கின்றன. தம் உடலுக்குள் எழும் பசி, தாகம், வலி ஆகியவற்றை அடையாளம் காண்பதே சிலருக்குக் கடினம். வலிக்கிறது என்று சொல்ல இயலாத பிள்ளை தலையை முட்டிக் கொள்ளும். நாமோ அதனைக் கோபம் என்று கருதுவோம்.

நான்காவது, செயலைத் தொடங்கும் சிரமம். பல் துலக்கத் தெரியும். துலக்க வேண்டும் என்னும் எண்ணமும் உண்டு. ஆயினும் எழுந்து, குளியலறைக்குச் சென்று, தூரிகையை எடுத்து, பற்பசையைப் பிதுக்கி என்று வரிசையாக நிகழ வேண்டியவற்றைத் தொடங்க இயலாமல் நின்று விடுவார்கள். இரண்டு மணி நேரம் இரயில் வண்டிகளின் பட்டியலை ஆராய முடிந்தவனுக்கு இரண்டு நிமிடம் பல் துலக்க முடியவில்லையா என்று கேட்பது இயல்பே. மனம் ஒன்றிய பொருளில் ஆற்றல் தானே ஊறுகிறது. அதிலிருந்து மனத்தைப் பிரித்து வேறொன்றில் செலுத்துவதற்கே பெரும் ஆற்றல் தேவைப்படுகிறது.

ஐந்தாவது, மறைத்து நடித்தல். பிறர் கேலி செய்வரே என்றஞ்சி, கையசைவுகளை அடக்கி, கண்ணைப் பார்த்துப் பேசி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, மற்றவரைப் போலவே தோன்றுவதற்குப் பலர் நாள் முழுவதும் முயல்கின்றனர். பெண் பிள்ளைகளிடம் இது மிகுதி. அதனால் அவர்களுடைய நிலை கண்டறியப்படுவதும் தாமதமாகிறது. பள்ளியில் அமைதியாக இருந்த பிள்ளை, வீட்டு வாசலில் காலணியைக் கழற்றியவுடன் கதறி அழுகிறது. "பள்ளியில் ஒரு தொல்லையும் இல்லையே, வீட்டில்தான் ஏதோ குறை" என்று ஆசிரியர் சொல்ல, பெற்றோர் தலைகுனிந்து நிற்கின்றனர். உண்மையில், பள்ளியில் கொடுத்த விலையே வீட்டில் வெளிப்படுகிறது. அடக்கி வைத்ததை அஞ்சாமல் இறக்கி வைப்பதற்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் வீடு ஒன்றுதான்.

பேச்சும் இவ்வாறே ஏறி இறங்கும். காலையில் நன்றாகப் பேசியவர், களைப்பு மிகுந்த மாலையில் ஒரு சொல்லும் பேச இயலாமற் போவதுண்டு. அப்பொழுது வற்புறுத்துவதால் சொல் வருவதில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டவோ, படத்தைச் சுட்டிக் காட்டவோ, கைப்பேசியில் தட்டச்சுச் செய்யவோ வழி செய்து கொடுத்தால் போதும்.

நீண்ட கால ஏற்ற இறக்கம்

இதுவரை நாளுக்கு நாள் நிகழும் மாற்றங்களைச் சொன்னேன். மாதக் கணக்கில் நீடிக்கும் தளர்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2020-ஆம் ஆண்டில் ஆட்டிசம் உடைய பெரியவர்களின் வாக்குமூலங்களை ஆராய்ந்து எழுதினர். பொதுவாக மூன்று மாதங்களோ அதற்கும் மேலோ நீடிக்கும் கடும் சோர்வு, முன்பு இருந்த திறன்களை இழத்தல், ஓசை ஒளி முதலியவற்றைத் தாங்கும் ஆற்றல் குறைதல் ஆகிய மூன்றையும் ஆட்டிசச் சோர்வின் அடையாளங்களாக அவ்வாய்வு காட்டியது. தாங்கும் அளவிற்கு மேற்பட்ட எதிர்பார்ப்புகளும் போதிய உதவியின்மையும் நெடுங்காலம் சேர்ந்திருப்பதே அதன் காரணம் என்றும் அவர்கள் விளக்கினர். அரசாங்கத் தேர்வு எழுதும் ஆண்டு, பருவம் எய்தும் காலம், புதிய வேலை, வீடு மாறுதல், குடும்பத்தில் ஒருவரின் மறைவு ஆகிய வேளைகளில் இத்தகைய தளர்ச்சி நேரக்கூடும். முழு ஓய்வும், எதிர்பார்ப்புகளைக் குறைத்தலும், தமக்குப் பிடித்தவற்றில் ஈடுபட விடுதலுமே அதற்கு உதவுவன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சரிவையும் ஆட்டிசத்தின் கணக்கிலேயே எழுதி விடுதல் ஆபத்து. ஆட்டிசம் உடையவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவரைக் காட்டிலும் மிகுதியாக வருகிறது. இளமைப் பருவத்தில் சிலருக்கு உடலசைவு மிகவும் மெதுவாகி, வாசற்படியைத் தாண்டவும் இயலாமல் உறைந்து நிற்கும் கேட்டட்டோனியா என்னும் நிலை ஏற்படுவதை இங்கிலாந்து மருத்துவர் லோர்னா விங்கும் உளவியலாளர் அமித்தா ஷாவும் 2000-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். திடீரென நடை, உணவு, பேச்சு, தூய்மை ஆகியவற்றில் பெரும் வீழ்ச்சி தோன்றினால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் செய்யத் தக்கவை

முதற்கண், ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். உறக்கம் எத்துணை மணி, உணவு என்ன, வெளியே சென்ற இடம் எது, எந்த நேரத்தில் சிரமம் தோன்றியது என்று நாள்தோறும் நான்கு வரி எழுதினால் போதும். சில வாரங்களில் உங்களுக்கே ஓர் ஒழுங்கு புலப்படும். கூட்டத்திற்குச் சென்ற மறுநாள் எப்பொழுதும் தளர்ச்சி என்பது தெரிந்து விட்டால், அந்த மறுநாளை முன்கூட்டியே ஓய்வு நாளாக வைத்து விடலாம்.

இக்குறிப்பேட்டிற்கு வேறொரு பயனும் உண்டு. நம் மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிந்து கொண்டோருக்கு ஓ.கே.யூ. அட்டை வழங்கப்படுகிறது. இப்பதிவிற்கும், பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பிற்கும் மருத்துவரின் மதிப்பீடு தேவை. அந்த நாள் நல்ல நாளாக அமைந்து விட்டால், பிள்ளை எல்லா வினாக்களுக்கும் விடை கூறி விடும். உதவி தேவையில்லை என்னும் முடிவு எழும் நிலையும் உண்டாகலாம். அரை மணி நேரச் சந்திப்பில் மருத்துவர் காண்பது ஒரு நாளை. நீங்கள் காண்பது முந்நூற்று அறுபத்தைந்து நாள்களை. குறிப்பேட்டைக் கையில் கொண்டு செல்லுங்கள். நல்ல நாள்களையும் மறைக்காமல், கடின நாள்களையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தளர்ந்த நாளில் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். அறவே விட்டு விட வேண்டும் என்பதில்லை. முழுக் குளியல் இயலாவிடில் முகம் கழுவுதல் போதும். பொத்தான் போட இயலாவிடில் அன்று பனியன் சட்டை போதும். நேற்றுத் தனியே செய்ததை இன்று நீங்கள் உடனிருந்து செய்து கொடுத்தால், பிள்ளை கெட்டு விடாது. தாயின் காய்ச்சல் நாளில் சமையலைத் தந்தை பார்த்துக் கொண்டால் தாய்க்குச் சமையல் மறந்து விடுமா?

அடம் பிடித்தலையும் நிலைகுலைதலையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. அடம் பிடிக்கும் பிள்ளை, தான் கேட்ட பொருள் கிடைத்தவுடன் அடங்கி விடும். பார்ப்பார் இல்லையெனினும் ஓய்ந்து விடும். நிலைகுலைந்த பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் அடங்காது. அப்பொழுது அதன் கட்டுப்பாடு அதனிடமே இல்லை. அந்நேரத்தில் அறிவுரையும் மிரட்டலும் மேலும் ஓசையையே கூட்டும். கூட்டத்தை விலக்கி, குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு அடிபடாமல் பார்த்துக் கொண்டு, அருகில் அமைதியாக இருங்கள்.

ஆலயம் செய்யத் தக்கவை

பக்தப் பெருமக்களே! இப்பொழுது நம் மண்டபத்தையே எண்ணிப் பாருங்கள். திருவிழா நாளில் தவிலும் நாதசுரமும் ஒருபுறம், உறுமி மேளம் மறுபுறம், ஒலிபெருக்கியில் உபயதாரர் பெயர் வாசிப்பு, சாம்பிராணிப் புகை, ஈரத் தரையில் வெறுங்கால், எத்திசையிலும் உரசும் மனிதர்கள். நமக்குப் பக்திப் பெருக்கைத் தரும் இவையனைத்தும் ஒரே வேளையில் அந்தப் பிள்ளையின் தொட்டியைத் திறந்து விடுகின்றன. சென்ற மாதம் வெள்ளிக்கிழமை பூசையில் கைகூப்பி அமைதியாக நின்ற அதே பிள்ளை, இன்று காதைப் பொத்திக் கொண்டு தரையில் புரள்கிறது. சுற்றி நிற்பவர்கள் முகம் சுளிக்கின்றனர், ஒருவர் "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று கேட்டும் விடுகிறார். அக்குடும்பம் அன்றோடு ஆலயத்திற்கு வருவதை நிறுத்திக் கொள்கிறது. கோயிலுக்குக் குடும்பத்தோடு வர இயலாத வீட்டிற்கு, ஊரோடு இருந்த உறவும் மெல்ல மெல்ல அறுந்து போகிறது. இந்த இழப்பை எந்த வரவு செலவுக் கணக்கிலும் நாம் எழுதுவதில்லை.

இதனைத் தடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சில எளிய வேண்டுகோள்களை நிர்வாகத்தின் முன் வைக்கின்றேன்.

திருவிழாக் காலத்தில், ஒலிபெருக்கிக்கு எட்டாத ஓர் அறையை அமைதி அறையாக ஒதுக்கலாம். ஒரு பாயும், மங்கலான விளக்கும், குடிநீரும் அங்கே இருந்தால் போதும். மேளம் எந்நேரம் தொடங்கும், தீபாராதனை எந்நேரம் என்பதை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்தால், பெற்றோர் தம் பிள்ளைக்கு ஏற்ற வேளையைத் தேர்ந்து கொள்வர். காதை மூடும் கருவியை அணிந்து வரும் பிள்ளையைப் பார்த்து, சந்நிதியில் அதைக் கழற்று என்று யாரும் சொல்லாதிருக்கத் தொண்டர்களுக்கு விளக்கம் தரலாம். வரிசையில் நிற்க இயலாத நாளில் அர்ச்சனையை முதலில் முடித்துக் கொடுக்குமாறு குருக்கள் ஐயாவிடம் சொல்லி வைக்கலாம். அன்னதானத்தில் வெறும் சோறு மட்டும் கேட்கும் பிள்ளைக்கு, குழம்பு படாமல் வெறும் சோற்றையே பரிமாறலாம். அது சாப்பாட்டின் மீது காட்டும் அலட்சியம் ஆகாது.

முடி இறக்குதல், காது குத்துதல் ஆகிய சடங்குகளைப் பற்றியும் ஒரு சொல். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்து வருகிறோம். அந்த நேரத்தில் பிள்ளையின் உடலும் உள்ளமும் தொடுகையைத் தாங்கும் நிலையில் இல்லையெனில், நான்கு பேர் பிடித்துக் கொண்டு செய்து முடிப்பதைக் காட்டிலும், வேறொரு நல்ல நாளைக் குறித்துக் கொள்வதே நலம். பஞ்சாங்கத்தில் நல்ல நேரங்கள் பல உள்ளன. பிள்ளையின் நல்ல நேரம் எது என்று தாயைக் கேட்டு, இரண்டும் பொருந்தும் வேளையைத் தேர்ந்து கொள்ளலாம் அன்றோ?

இறுதியாக இளைஞர் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டிசம் உடைய இளைஞர்கள் மாலை கட்டவும், விளக்குகளைத் துடைத்து வைக்கவும், நன்கொடைப் பட்டியலைக் கணினியில் பதியவும் மிகுந்த கவனத்தோடு முன்வருவர். ஒரு வாரம் வந்து நன்றாகச் செய்தவர், மறுவாரம் வராமற் போகலாம். வந்தும் ஒன்றும் செய்யாமல் தூணோரம் அமர்ந்திருக்கலாம். பொறுப்பில்லாதவர் என்று பெயரை அடித்து விடாதீர்கள். வரும் நாளில் அவருக்கென ஒரு வேலை காத்திருக்கட்டும். வராத நாளில் அவ்வேலையைச் செய்ய இன்னொருவர் இருக்கட்டும். அவரிடம் காரணம் கேட்டு விசாரணை வேண்டியதில்லை. "அடுத்த வாரம் பார்ப்போம், தம்பி" என்னும் ஒரு சொல் போதும்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2007-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளில் நீல விளக்கு ஏற்றுவதோடு நம் கடமை முடிந்து விடுவதில்லை. ஏற்றமும் இறக்கமுமாக வருகின்ற மற்ற நாள்களிலும் அவர்களை நம்மவராக ஏற்றுக் கொள்வதே பெரிது.

இவ்வாண்டுத் திருவிழாவின் பத்து நாள்களில் ஏதேனும் ஒரு நாள், மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளை காதைப் பொத்தி அழக் காண்பீர்களாயின், உற்றுப் பார்க்காமல் சற்று வழி விட்டு நில்லுங்கள். அந்தத் தாயிடம், "அமைதி அறை அங்கே இருக்கிறது, அம்மா. நான் காட்டுகிறேன், வாருங்கள்" என்று சொல்லுங்கள். அக்குடும்பம் அடுத்த ஆண்டும் நம் ஆலயத்திற்கு வரும்.